கருவியா, கைத்திறனா?

நுழையும்முன்

ஆடுகளத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது வீரரின் திறனா, அவர் கையிலுள்ள கருவியா என்னும் வினா பள்ளித் திடல் தொடங்கி ஒலிம்பிக் அரங்குவரை எழுப்பப்படுவது. அதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே யாருக்கு என்ன வாய்ப்பை வழங்குகிறோம் என்பதும் அமைகிறது. பெயிண்ட்பால் என்னும் புதிய விளையாட்டை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

விளையாட்டும் வினாவும்

வண்ணம் நிறைந்த சிறு உருண்டைகளை ஒருவர்மீது ஒருவர் எய்து ஆடும் பெயிண்ட்பால் விளையாட்டைத் திரைப்படங்களிலோ அலைபேசிக் காணொலிகளிலோ நீங்கள் கண்டிருக்கலாம். ஜெலட்டினால் ஆன மெல்லிய உறைக்குள் வண்ணக் குழம்பை அடைத்து அவ்வுருண்டைகளைச் செய்கின்றனர். அழுத்தப்பட்ட காற்றின் விசையால் அவற்றைச் செலுத்தும் துப்பாக்கி போன்ற கருவிக்கு 'மார்க்கர்' என்று பெயர். உருண்டை ஒருவர்மேல் பட்டு உடைந்து வண்ணம் படிந்தால் அவர் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். பட்டும் உடையாமல் தெறித்துப் போனால் அவர் தொடர்ந்து ஆடலாம். எதிரணியின் கொடியைக் கவர்ந்தாலோ எதிரணியினர் அனைவரையும் வெளியேற்றினாலோ வெற்றி. காட்டிலும் ஆடுவர், காற்றடைத்த தடுப்புகளை நிறுத்திய சமதளத்திலும் ஆடுவர்.

இவ்விளையாட்டில் முதன்முறை தோற்றவர் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் கூறுவார்: "அவர்களிடம் விலையுயர்ந்த மார்க்கர் இருந்தது, நான் வாடகைக் கருவியோடு ஆடினேன்." பல்லாண்டு ஆடிப் பழகியவரோ, "அந்த வாடகைக் கருவியை என்னிடம் கொடுங்கள்; இதே அணியை நான் வென்று காட்டுகிறேன்" என்பார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால், இருவருமே கருவியையும் திறனையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும் என்று எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவது பொருந்தாது என்பதே என் கருத்து. கருவி திறனுக்கு எதிரே நிற்பதன்று. பெரும்பாலும் திறன் விளையும் நிலமே அதுதான்.

சொற்போரில் பிறந்த ஆட்டம்

பெயிண்ட்பால் பிறந்த கதையே ஒரு சொற்போர்தான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாழ்ந்த எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ், காட்டையும் வேட்டையையும் அறிந்தவர். அவருடைய நண்பர் ஹேய்ஸ் நோயல், நியூயார்க்கில் பங்கு வணிகம் செய்தவர். காட்டில் வளர்ந்தவர்க்கு உரிய எச்சரிக்கையும் நுண்ணறிவுமே எவ்விடத்திலும் ஒருவரைக் காக்கும் என்பது கெய்ன்சின் வாதம். போட்டி மிகுந்த பெருநகர வாழ்வில் புடமிடப்பட்டவர் காட்டிலும் வெல்வார் என்பது நோயலின் வாதம். பேசிப் பேசித் தீராத இவ்வழக்கைத் தீர்க்க அவர்களுக்கு ஓர் ஆய்வுக்களம் தேவைப்பட்டது.

அப்போது அவர்கள் கண்ணில் பட்டது 'நெல்ஸ்பாட் 007' என்னும் கருவி. அது விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. வெட்டவேண்டிய மரங்களுக்குத் தொலைவிலிருந்தே குறியிடவும், மந்தையில் தனித்து அடையாளம் காணவேண்டிய மாடுகளின்மேல் வண்ணம் பதிக்கவும் வனத்துறையினரும் பண்ணையாளரும் பயன்படுத்திய கைக்கருவி. அதிலிருந்து வெளிப்பட்ட வண்ணம் எண்ணெய் கலந்தது. கழுவுவதற்குக் கர்ப்பூரத் தைலம் வேண்டும்! நீரில் கரையும் வண்ணம் பின்னர்தான் வந்தது. சிறு கரியமில வாயுக் குப்பி ஒன்றே அதன் ஆற்றல். ஒவ்வோர் உருண்டையையும் எய்தபின் அடுத்ததைக் கையால் இழுத்து நிலைப்படுத்த வேண்டும்.

1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், ஹெனிக்கர் என்னும் ஊரை அடுத்த காட்டில் 12 பேர் கூடினர். காட்டின் வெவ்வேறு இடங்களில் கொடிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியே காட்டுக்குள் சென்று, பிறரிடம் அகப்படாமல் ஒவ்வொரு நிறக் கொடியிலும் ஒன்றைக் கைப்பற்றி வெளியே வரவேண்டும். எல்லார் கையிலும் ஒரே வகைக் கருவி. வந்தவர்களுள் வேட்டையாடிப் பழகியவர் இருந்தனர். குறிபார்த்துச் சுடுவதில் வல்லவர் இருந்தனர். ஆயினும், அனைத்துக் கொடிகளையும் எடுத்து முதலில் வெளிவந்தவர் வனப்பணி செய்துவந்த ஒருவர். அன்று முழுவதும் அவர் ஒரே ஓர் உருண்டையைக்கூடச் சுடவில்லை.

திறனின் பக்கம் நிற்போர்க்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஓர் ஆட்டத்தின் முதற் போட்டியிலேயே, அந்த ஆட்டத்திற்குரிய கருவியைப் பயன்படுத்தாமலே ஒருவர் வென்றுவிட்டார். எங்கே கால் வைத்தால் சருகு ஒலிக்காது, எந்த மர நிழலில் நின்றால் கண்ணுக்குப் புலப்படாது என்னும் அறிவு அவரை வெல்வித்தது. இதுவரை மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், இந்தக் கதையைச் சொல்வோர் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். ஒன்று, அன்று பன்னிருவர் கையிலும் இருந்த கருவி ஒரே தரத்தது. மற்றொன்று, காட்டில் ஓசையின்றி நடக்கும் திறனை அவர் ஒரு நாளில் பெற்றுவிடவில்லை. காடே அவருக்கு அன்றாடப் பணியிடமாக இருந்தது. மற்றவர்க்குக் கிட்டாத பயிற்சிக்களம் அவருக்கு இயல்பாகவே கிட்டியிருந்தது. இந்த இரண்டாம் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையால் வாங்க இயலாதவை

இன்று வழக்கிலுள்ள உருண்டை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமும் 3 கிராம் எடையும் உடையது. அது குழலைவிட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 300 அடியை, அதாவது ஏறக்குறைய 91 மீட்டரை, மீறக்கூடாது என்பது பொதுவிதி. களத்தில் இறங்கும் முன் ஒவ்வொரு கருவியின் வேகத்தையும் அளந்து பார்க்கின்றனர். ஆகவே, சில ஆயிரம் ரூபாய்க் கருவியாயினும் இலட்ச ரூபாய்க் கருவியாயினும் அவற்றிலிருந்து வெளிவரும் உருண்டை ஒரே வேகத்தில்தான் புறப்படும். கனமற்ற அவ்வுருண்டையைக் காற்று விரைவில் தடுத்துவிடுகிறது. முப்பது மீட்டரை ஒட்டிய தொலைவிலேயே அது தன் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும் என்று இயற்பியல் வழியே கணக்கிடலாம். விலையுயர்ந்த கருவி நெடுந்தொலைவு சுடும் என்பது புதியவரின் மயக்கமே.

குறியின் துல்லியமும் பெரிதும் கருவியைச் சார்ந்ததன்று, உருண்டையைச் சார்ந்தது. ஜெலட்டின் உறை ஈரக்காற்றில் உப்பும், வெயிலில் நெகிழும், குளிரில் எளிதில் உடையும். வடிவம் சிதைந்த உருண்டை எத்தகைய குழலிலிருந்து வந்தாலும் வளைந்துதான் செல்லும். குழலின் உள்விட்டத்துக்கும் உருண்டையின் அளவுக்கும் உள்ள பொருத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதும், உருண்டைப் பெட்டியை வெயிலில் வைக்காமல் காப்பதும் பழகியவரின் வேலைகள். கருவியை அறிவதும் திறனின் ஒரு கூறுதான். கருவி, திறன் என்னும் பிரிவினைக்கோடு இங்கேயே மங்கத் தொடங்கிவிடுகிறது.

களத்துக்குள் வென்று தருபவை வேறு. தடுப்பின் விளிம்பில் ஒரு கணம் மட்டும் தலைகாட்டிச் சுட்டு மறைதல், இடக்கையாலும் வலக்கையாலும் ஒன்றுபோல் ஆடுதல், எதிரணியினர் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்பதை ஓடும்போதே எண்ணிக்கொண்டிருத்தல், தான் கண்டதைத் தோழருக்கு ஓரிரு சொற்களில் உரக்கக் கூறுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நேர் எதிரே நின்று சுடுபவரைக் காட்டிலும், பக்கவாட்டுக் கோணத்தைப் பிடித்தவருக்கே வாய்ப்பு மிகுதி. தோழர் ஒருவர் இடைவிடாது சுட்டு எதிரியைத் தடுப்புக்குள் ஒடுங்கச் செய்ய, மற்றவர் அக்கணத்தில் ஓடி முன்னேறுவார். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. வினைசெய்யப் புகுமுன் எண்ணவேண்டியவை ஐந்து என்று வகுத்த வள்ளுவர், பொருளையும் கருவியையும் அவற்றுள் சேர்த்தார். காலத்தையும் வினையையும் இடத்தையும் உடன் வைத்தார். பெயிண்ட்பால் வீரரின் திறன் என்பது பெரும்பாலும் காலமும் இடமும் அறிதலே.

கருவி வெல்லும் இடங்கள்

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும், கருவியால் ஆவது ஒன்றுமில்லை என்று கூறிவிட முடியாது. முதலில் முகக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணைக் காக்கும் அதை ஆட்டக்களத்தில் எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. மலிவான கவசத்தின் கண்ணாடியில் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து பார்வை மறையும். இரு அடுக்குக் கண்ணாடி கொண்ட கவசத்தில் இத்தொல்லை மிகவும் குறைவு. கண் தெரியாதவருக்குக் கோணம் அறியும் திறன் இருந்தென்ன, இல்லாமற்போயென்ன? பழகியவர்கள் புதியவரிடம், "பணம் இருந்தால் முதலில் நல்ல கவசம் வாங்கு, மார்க்கரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறுவது இதனால்தான். விளம்பரங்களில் மார்க்கரே முன்னிற்கும். கவசம் மூலையில் கிடக்கும்.

அடுத்தது, சுடும் விரைவு. 1990களின் இடைப்பகுதியில் மின்கலத்தால் இயங்கும் மார்க்கர்கள் சந்தைக்கு வந்தன. அதுவரை விரலின் வலிமையைச் சார்ந்திருந்த விரைவு, மின்னணுச் சுற்றின் விரைவாக மாறியது. ஒருவர் நான்கு உருண்டை எய்வதற்குள் மற்றவர் அதைப்போல் பன்மடங்கு பொழிய இயன்றது. மறைந்திருப்பவர் தலைகாட்டவே முடியாத நிலையில், கோணமும் கணக்கும் பயனிழந்தன. போட்டி அமைப்புகள் விழித்துக்கொண்டு, நொடிக்கு இத்தனை உருண்டைதான் சுடலாம் என்று வரம்பு விதித்தன. தொழில்முறைப் போட்டிகளில் அவ்வரம்பு காலப்போக்கில் நொடிக்குப் பத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கிவந்தது. வரம்பை ஏய்க்கும் வகையில் மின்னணுச் சுற்றில் மறைமுக நிரல்களைப் பதித்தவர்களும் இருந்தனர். நடுவர்கள் கருவிகளைச் சோதிக்க நேர்ந்தது. கருவி ஆட்டத்தைத் தீர்மானிக்கவில்லையெனில் இத்தகைய சூழ்ச்சிக்கும் காவலுக்கும் தேவையே எழுந்திராது. திறன் வென்றது என்று நாம் மகிழும் பல ஆட்டங்களில், கருவியை அடக்கிவைத்த விதி ஒன்று பின்னணியில் இருந்திருக்கிறது.

நீச்சல் உலகம் இதே பாடத்தை இன்னும் வெளிப்படையாகக் கற்றது. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆய்வுக்கூட உதவியோடு உருவாக்கிய நீச்சலுடை ஒன்றை அறிமுகம் செய்தது. உடலை இறுக்கி, நீரின் உராய்வைக் குறைத்த அவ்வுடை அணிந்தோர் அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சாதனைகளைக் குவித்தனர். எட்டுத் தங்கம் வென்ற மைக்கேல் பெல்ப்சும் அதையே அணிந்தார். மறு ஆண்டு, முழுவதும் பாலியூரித்தேனால் ஆன உடைகள் வந்தன. 2009இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. அங்கே 200 மீட்டர் போட்டியில், முந்தைய ஆண்டின் உடையோடு நீந்திய பெல்ப்சை, புதிய உடை அணிந்த ஜெர்மனி வீரர் பால் பீடர்மான் 1 நிமிடம் 42.00 நொடியில் நீந்தி வென்றார். அவ்வெற்றியில் உடையின் பங்கு உண்டு என்பதைப் பீடர்மானே மறைக்கவில்லை. 2010 சனவரி முதல் நாளோடு அத்தகைய உடைகள் தடைசெய்யப்பட்டன.

இதிலிருந்து ஒன்றை உய்த்துணரலாம். திறனில் பெரிய இடைவெளி உள்ளபோது கருவி அதை நிரப்பாது. நீந்தத் தெரியாதவருக்கு எந்த உடையும் பதக்கம் தாராது. ஆனால், திறன் ஏறக்குறைய சமமாக உள்ளவர்களிடையே முடிவைப் புரட்டக் கருவி போதும். உயர்நிலைப் போட்டிகள் அனைத்தும் ஏறக்குறைய சமமானவர்களிடையே நடப்பவைதாமே!

இரண்டாயிரம் உருண்டைகள்

இதுவரை கூறியது போட்டி நாளைப் பற்றியது. என் கருத்தின் மையம் போட்டி நாளில் இல்லை. அதற்கு முந்தைய நாள்களில் இருக்கிறது.

பெயிண்ட்பால் உருண்டைகளைப் பெட்டிகளில் விற்கின்றனர். ஒரு பெட்டியில் வழக்கமாக 2000 உருண்டைகள் இருக்கும். நொடிக்குப் பத்து என்னும் விரைவில் இடைவிடாமல் சுட்டால் ஒரு பெட்டி 200 நொடிகளில், அதாவது மூன்றேகால் நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் தீர்ந்துவிடும். எவரும் இடைவிடாமல் சுடுவதில்லை என்றாலும், ஓர் அணி ஒருநாள் முறையாகப் பயிற்சி செய்யப் பல பெட்டிகள் வேண்டும். மார்க்கரை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். உருண்டையோ ஒவ்வொரு பயிற்சியிலும் உடைந்து மண்ணில் கலந்துபோகும் பணம். இரவல் மார்க்கரோடு ஒருவர் போட்டியில் ஆடிவிடலாம். இரவல் உருண்டைகளோடு ஆண்டு முழுவதும் பயிற்சி செய்ய யாராலும் இயலாது.

தடுப்பின் விளிம்பில் கணப்பொழுது தலைகாட்டிச் சுடும் திறனைப் பற்றி மேலே கண்டோம். அத்திறன் எப்படி வருகிறது? ஒரே இலக்கை நோக்கி ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்வதால் வருகிறது. உடல் தன்னை அறியாமலே அதைச் செய்யும்வரை உருண்டைகள் செலவாகிக்கொண்டே இருக்கும். அப்படிப் பழகியவர் ஒருநாள் வாடகைக் கருவியோடு வந்து புதியவரை வென்று, "பார்த்தீர்களா, கருவியால் ஒன்றுமில்லை" என்கிறார். அவர் அன்று பயன்படுத்திய கருவி எளியது; அதை மறுக்கவில்லை. ஆனால், அவருடைய கையிலும் கண்ணிலும் படிந்திருப்பவை பல ஆண்டுகளில் உடைந்த பல்லாயிரம் உருண்டைகள். கருவி அவரைவிட்டு நீங்கவில்லை. திறனாக உருமாறி அவருக்குள்ளேயே இருக்கிறது.

செலவைக் குறைத்துத் திறனை வளர்க்க வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஒவ்வொருமுறையும் கையால் இழுத்துச் சுடும் பழைய வகைக் கருவியையே விரும்பி ஏந்தி, சில உருண்டைகளோடு மட்டும் களமிறங்கும் ஆட்டக்காரர்கள் இன்றும் இருக்கின்றனர். உருண்டை குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் எண்ணிச் சுட வேண்டியிருப்பதால், குறியும் பொறுமையும் கூர்மையடைகின்றன என்பர். உண்மைதான். ஆயினும், வசதி உள்ளவர் தாமே விரும்பி ஏற்கும் எளிமையும், வேறு வழியின்றி ஒருவர்மேல் சுமத்தப்படும் எளிமையும் ஒன்றாகா. முன்னவர் வேண்டும்போது பெரிய கருவிக்குத் திரும்பிவிடலாம்.

புல்லிலிருந்து செயற்கைத் தளத்துக்கு

நம் நாட்டு வளைகோல் பந்தாட்டத்தின் வரலாறு இவ்வுண்மையை நமக்கு மிகுந்த விலைக்குக் கற்பித்தது. 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு தங்கங்களும் 1964இல் மற்றொன்றும் வென்ற நாடு இந்தியா. 1975 மார்ச்சில் கோலாலம்பூரின் புல்தரையில் உலகக் கோப்பையையும் வென்றது. அடுத்த ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் வளைகோல் பந்தாட்டம் நடந்தது. இந்தியா ஏழாம் இடத்தைப் பெற்றது. 1928க்குப் பின் பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதன்முறை.

ஓராண்டு இடைவெளியில் நம் வீரர்களின் திறன் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மேடு பள்ளமான புல்தரையில், பந்தைக் கோலோடு ஒட்டிவைத்து வளைத்து நெளித்துக் கொண்டுசெல்லும் கலையில் அவர்கள் வல்லவர்கள். செயற்கைத் தளத்திலோ பந்து வழுக்கிக்கொண்டு விரையும்; எங்கும் தடுமாறாது. நீண்ட தொலைவுக்கு விரைந்து பந்தைக் கடத்துவதும், ஓயாமல் ஓடுவதும் அங்கே வெற்றிக்கு வழி. நம் வீரர்கள் வளர்ந்த திடல்களோ புல்லும் மண்ணும். போட்டி நாளில் இரு அணிகளுக்கும் ஒரே தளம்தான்; அந்த வகையில் விதி சமமே. பழகிய நாள்களில் சமமில்லை. ஒரு செயற்கைத் தளம் அமைக்கப் பல கோடி ரூபாய் தேவைப்படும் என்னும்போது, எந்த நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிக்கு அது கிட்டும், எதற்குக் கிட்டாது என்பது சொல்லாமலே விளங்கும். அன்றைய தோல்விக்கு வேறு காரணங்களும் கூறப்படுவதுண்டு. நிருவாகக் குறைகளும் அணித்தேர்வுப் பூசல்களும் இல்லாமலில்லை. எனினும், தளத்தை விலக்கிவிட்டு அவ்வீழ்ச்சியை விளக்க முடியாது.

1980இல் மாஸ்கோவில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது; அந்த ஒலிம்பிக்கை வலிமைமிக்க பல நாடுகள் புறக்கணித்திருந்தன. அதற்குப்பின் அடுத்த பதக்கம், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கிடைத்த வெண்கலம். இடையில் நாற்பத்தோராண்டு! 2018 முதல் ஒடிசா அரசு நம் ஆடவர், மகளிர் தேசிய அணிகளுக்குப் புரவலராக இருந்து வருகிறது. வளைகோல் வீரர் பலரைத் தந்த அம்மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்தில் செயற்கைத் தளங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மூங்கில் கோலோடு மண்தரையில் ஆடிய பிள்ளைகள், தாம் பின்னாளில் போட்டியிடவேண்டிய தளத்திலேயே சிறுவயது முதல் ஓடிப் பழகுகின்றனர்.

வெறுங்கால் கதை

இத்தகைய விவாதங்களில் தவறாமல் எடுத்துக்காட்டப்படுபவர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் வென்றவர். "காலணிகூட இல்லாமல் அவர் வெல்லவில்லையா?" என்று மேடைதோறும் கேட்கின்றனர். அக்கதையின் மறுபாதியை மேடைகளில் கேட்பது அரிது. அவர் வெறுங்காலோடு ஓடியதற்குக் காரணம் கொள்கையன்று. கிடைத்த காலணி பாதத்துக்குப் பொருந்தவில்லை, வெறுங்காலில் ஓடிப் பழகியும் இருந்தார். நான்காண்டுக்குப்பின் டோக்கியோவில் அவர் காலணி அணிந்தே ஓடினார். நேரம் 2 மணி 12 நிமிடம் 11 நொடி. அதுவும் தங்கமே, முன்னதைவிட மூன்று நிமிடம் விரைவாகவும் ஓடினார். அம்மூன்று நிமிடமும் காலணி தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்திய காலணி கிடைத்தபோது அம்மாவீரர் அதை மறுக்கவில்லை என்பதே நான் சுட்டவிரும்புவது.

பிகிலாவின் வெறுங்கால் வியப்புக்குரியது. ஆனால், அதைக் காட்டி, காலணி கேட்கும் மாணவரை வாயடைக்கச் செய்வது அறமன்று. "திறமை இருந்தால் போதும்" என்னும் சொல், தன் தோல்விக்கெல்லாம் கருவியைப் பழிப்பவருக்கு நல்ல மருந்து. வாடகை மார்க்கரைக் குறைகூறும் புதியவர், புதிய மார்க்கர் வாங்கினாலும் அடுத்த வாரமும் தோற்கவே செய்வார். அவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். அதே சொல்லை, வழங்கவேண்டியதை வழங்காதவர்கள் தம் கடமையை மறைக்கும் திரையாகப் பயன்படுத்தும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. யார், யாரிடம் கூறுகிறார் என்று பார்த்தே அச்சொல்லை ஏற்கவேண்டும்.

நம் பள்ளிகளில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். உழுத நிலத்தின் வரப்பிலும் ஊர்ப்புறச் சாலையிலும் ஓடிப் பழகிய மாணவி ஒருத்தி மாவட்டத் தேர்வுக்கு வருகிறாள். அன்றுதான் முதன்முறையாகச் செயற்கை ஓடுதளத்தில் கால் வைக்கிறாள். முள்பதித்த காலணி அங்கேயே இரவலாகத் தரப்படுகிறது. அவளோடு நிற்பவர்கள் அத்தளத்திலேயே வாரந்தோறும் ஓடுபவர்கள். ஒரே தளம், ஒரே வகைக் காலணி, ஒரே கடிகாரம். பார்ப்பவர்க்கு எல்லாம் சமமாகவே தோன்றும். புதிய காலணியின் பிடிப்பு அவளுக்குத் தெரியாது. வளைவில் எவ்வளவு சாயலாம் என்பது தெரியாது. முதல் பத்து அடிகளைத் தயங்கித் தயங்கி வைக்கிறாள். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே எழுதப்படும் நேரத்தை அவளுடைய திறனின் அளவு என்று நாம் கொள்கிறோம்.

தேர்வு நாளில் கருவி வழங்குவதைவிட, அதற்குச் சில திங்கள் முன்னரே வழங்குவது இன்றியமையாதது. மாவட்டத் தலைநகரில் உள்ள ஓடுதளத்தில் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்கள் திங்களில் சில நாளேனும் ஓட, பேருந்துச் செலவோடு ஏற்பாடு செய்யலாம். பள்ளிக்குப் பத்து இணை முள்காலணிகள் வாங்கி, பூட்டிய அலமாரியில் வைக்காமல் பயிற்சிக்குக் கொடுக்கலாம், தேய்ந்துபோனால் தேய்ந்துபோகட்டும். அவ்வாறு ஓடிப் பழகிய பின்னரும் அந்த மாணவி பின்தங்கினால், வேறொருவர் தன்னைவிட விரைவானவர் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள்.